பெயர் கேட்காத படிவம்

அமெரிக்காவின் டேட்டன் நகரக் கிடங்கில், வெஸ்லி தன் வரிப் படிவத்தைச் சம்பளப் பிரிவு லோர்னாவிடம் நீட்டினான்.

“தனியாள்னு இருந்ததை, கல்யாணம் ஆனவர்னு மாத்தியிருக்கே! எப்பப்பா ஆச்சு?” என்றாள் லோர்னா.

“போன வெள்ளிக்கிழமை, கோர்ட்ல. யாருக்கும் தெரியாது மேடம்.”

“அடப்பாவி! அந்தப் பொண்ணோட அம்மா மனசு என்ன பாடுபடும்?”

“அதான் மேடம் பயமா இருக்கு.”

“சரி, அவ வேலைக்குப் போறாளா?”

“ஸ்கூல் டீச்சர்.”

“அப்ப ‘ரெண்டு பேருக்கும் வேலை’ங்கற இந்தக் கட்டத்துலயும் டிக் போடு. இல்லேன்னா ரெண்டு சம்பளத்துலயும் வரியைக் குறைச்சுப் பிடிப்பாங்க. ஏப்ரல்ல வரிக்கணக்குக் காட்டும்போது மொத்தமா அழணும். அவளையும் ஸ்கூல்ல மாத்திக் கொடுக்கச் சொல்லு. சந்தேகம்னா என்னைக் கேக்கட்டும்.”

வெஸ்லி அந்தக் கட்டத்தில் டிக் போட்டான்.

“சாயங்காலம் நீங்க வீட்டுக்குப் போனதும் கேப்பா... அத்தை.”