ஜெனிட்டாவுக்கு வந்த பசி

தவக்காலம் தொடங்கிய அன்றே பள்ளியில் பிள்ளைகளின் மணிக்கட்டில் ஆளுக்கொரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். அதன் வழியே, எங்கோ ஒரு நாட்டில் பட்டினி கிடக்கும் ஒரு பிள்ளையின் பசி இங்கே இவர்கள் வயிற்றில் தெரியும். அந்தப் பிள்ளையின் உடம்புச் சூடு பட்டையில் தெரியும். ஈஸ்டர் வரை கழற்றக் கூடாது.

"இரக்கத்தைப் பாடமா நடத்த முடியாதும்மா," என்றார் தலைமை சிஸ்டர், கேட்க வந்த தாய்மாரிடம்.

இரண்டாம் வகுப்பு ஜெனிட்டாவுக்கு வாய்த்தவன் இத்ரீஸ் என்ற பையன். அவள் அம்மா சலேத் மீன்குழம்பும் சோறுமாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். அப்படியும் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள்.

"நான் தின்னுட்டேம்மா. இத்ரீஸ்தான் இன்னும் திங்கல."

பெற்ற வயிறு கேட்கவில்லை. சலேத் தெருமுனைக் குகைக்கோயிலான அந்தோணியார் கெபியில் முழங்காலிட்டு அழுதாள். "கோடி அற்புதரே, இந்தப் பசி அடங்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

மறுநாள் காலையில் ஜெனிட்டா சிரித்துக்கொண்டே எழுந்தாள். "அம்மா, பசிக்கவே இல்ல!"

சலேத் அவளைத் தூக்கிக்கொண்டு கெபிக்கு ஓடி, நன்றிக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினாள்.

"இத்ரீஸுக்கு யாரும்மா சோறு போட்டா?"

சலேத் மகளின் கையைப் பிடித்துப் பார்த்தாள். பட்டை சில்லிட்டிருந்தது. ஏற்றிய திரியை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை.