இறங்குமிடம்

பத்தாவது விசிலுக்கும் மைனர் கர்ணம் அடித்தது.

வானத்தில் அந்தப் புறா ஒருமுறை புரண்டு நிமிர, மொட்டை மாடியில் தேவானையும் சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் வீசி ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். மூச்சு வாங்கியது.

பத்துக்குப் பத்து. இந்த வருடம் நான் ஏறி இறங்கிய பதினோரு மாடிகளில் இப்படி ஒரு ஜோடியைப் பார்க்கவில்லை.

ஜோடிப் புறாப் போட்டியில் ஆள் பாதி, பறவை பாதி. விசில் அடித்து ஐந்து எண்ணுவதற்குள் புறா கர்ணம் அடிக்க வேண்டும். அது அடிக்கும்போதே கீழே ஆளும் சுற்ற வேண்டும். இரண்டில் ஒன்று பிந்தினாலும் மதிப்பெண் கிடையாது.

ஆனால் கடைசிச் சுற்றுதான் ஆளைக் கொல்லும். அதற்குப் பெயர் இறக்கம். விசில் கூடாது, துணி கூடாது, தானிய டப்பாவைக் குலுக்கக் கூடாது. ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கால் மணி நேரத்துக்குள் புறா தானாக வந்து தன் மாடியில் இரண்டு காலையும் பதிக்க வேண்டும். பதிக்காவிட்டால் அதுவரை வாங்கிய அத்தனையும் போச்சு.

நான் கறாரான நடுவர். அசோக் நகரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவனைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்ததே அதற்காகத்தான்.

இது தேவானையின் சொந்த மாடி இல்லை. அபிராமபுரத்தின் இந்த அடுக்ககத்தில் நான்கு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கிறாள். அடையாற்றங்கரையில் இருந்த அவள் வீட்டை எட்டு மாதத்துக்கு முன்பு இடித்து, குடும்பத்தை ஊருக்கு வெளியே ஒரு ஏழாவது மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே புறா வளர்க்க விடமாட்டார்களாம்.

இங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர் வைதேகி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூண்டு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை. திறந்துவிட்டால் யார் பால்கனிக்கும் போகாமல் நேரே கூண்டுக்கு வர வேண்டும். இன்றைக்கு வராவிட்டால் நாளைக்கு யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

வளர்ந்த புறாவுக்கு வீடு மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆறு மாதம் இறக்கையைக் கட்டிப்போட்டு, இந்த மாடியை மட்டுமே அதன் கண்ணில் காட்டியிருக்கிறாள். அப்புறம் இரண்டு மாதம் பறக்கவிட்டு, டப்பாவைக் குலுக்கிக் குலுக்கி இறக்கியிருக்கிறாள். டப்பா இல்லாமல் இறங்கப்போவது இன்றுதான் முதல் தடவை.

இதையெல்லாம் காலையில் சொன்னாள். நான் தாமதமாகத்தான் வந்தேன். விண்ணப்பத்தில் இருந்த தெருவைத் தேடி ஸ்கூட்டரில் அரை மணி நேரம் அலைந்துவிட்டு, போன் செய்து, அவள் லொக்கேஷன் அனுப்பிய பிறகுதான் வந்து சேர்ந்தேன். வழி தவறியதற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

கடிகாரத்தை அழுத்தினேன்.

மைனர் மாடிக்கு மேல் ஒரு வட்டம் போட்டது. தாழ்ந்தது. தேவானை கட்டிய கைகளுக்குள் விரலை நெரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அது ஆற்றுப் பக்கம் திரும்பியது.

பைனாகுலரை எடுத்தேன். கரையில் தகர வேலி. உள்ளே சமன் செய்த வெறும் மண். மைனர் அதன் மேலே போய், ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலாக, சிறகடித்தபடி நின்றது. காலை நீட்டியது. பதிக்க அங்கே ஒன்றும் இல்லை. எழும்பியது. ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே இடத்துக்கு, அதே உயரத்துக்கு வந்து காலை நீட்டியது.

அங்கே ஒரு கூரை இருந்திருக்க வேண்டும்.

பைனாகுலரை அவளிடம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது, கண் நிறைந்திருந்தது.

"எட்டு மாசமா சொல்லிக்கினு கீறேன் சார், அந்த வூடு இல்ல, இல்லன்னு. இதுக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது."

கால் மணி நேரம் முடிந்தது. எனக்கு மனசே இல்லை. ஆனாலும் பூஜ்யம் போடுவதற்காகப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தேன். மதிப்பெண் எழுதுவதற்கு முன் மேலே இருக்கும் இறங்குமிட முகவரியைச் சரிபார்க்க வேண்டும். அது விதி; தவறாக இருந்தால் விண்ணப்பமே செல்லாது.

சரிபார்த்தேன். இன்னொரு முறை படித்தேன்.

காலையில் நான் வழி தவறவே இல்லை. அரை மணி நேரமும் அந்தத் தகர வேலியைத்தான் சுற்றி வந்திருக்கிறேன்.

விண்ணப்பத்தை அவளிடம் கொடுத்தேன். போன மாதம் அவள் கையாலேயே, குண்டு குண்டான எழுத்தில், கதவு எண் முதற்கொண்டு எழுதியது. ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் படித்தாள். விரல் கதவு எண்ணில் போய் நின்றுவிட்டது.

"நான்தான் சார் எழுதிக்கீறேன்" என்றாள்.

பதினோரு மாடிகளில் எவருக்கும் செய்யாத காரியத்தைச் செய்தேன். அதை அடித்துவிட்டு இப்போதைய முகவரியை எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பேனாவை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டாள். கட்டத்துக்கு மேலே பேனாவைக் கொண்டுபோனாள். எடுத்தாள். ஆற்றுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுபோனாள்.