நூல் வண்டி போன வழி

"உங்க வீடு கோட்டுக்கு உள்ளயா, வெளியிலயா?" என்று பேராசிரியர் முதல் நாளே என்னிடம் கேட்டார். எங்கள் வீடு ஆற்றுக்கு அக்கரையில்; அன்று தலையைக் குனிந்துகொண்டேன். இன்று, 'நம் பகுதியின் தொழில் வளர்ச்சி' என்ற அவருடைய புத்தகத்துக்கான வரைபடம் அச்சகத்தில் என் மேசைமேல் கிடக்கிறது. மின்விசிறி அதன் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அவர் சொன்னபடி ஆற்றின் மேலேயே எல்லைக்கோட்டை மையால் இழுத்துக்கொண்டிருக்கிறேன். இக்கரையில் தறிக்கூடங்களுக்குக் கறுப்புப் புள்ளிகள். அக்கரை வெறும் வெள்ளை. சாப்பாட்டு டப்பாவோடு வந்த அப்பா குனிந்து பார்க்கிறார். "எங்க நூல் மில்லைக் காணோமே?" "அது அடுத்த பகுதிங்க," என்கிறார் பக்கத்தில் நிற்கும் பேராசிரியர். "அதையும் சேர்த்தா, மில்லு மூடி ரெண்டாயிரம் பேருக்கு வேலை போன கதையாயிடும். வளர்ச்சின்னு எப்படி எழுதறது?" "எங்க நூலை வாங்கித்தான சார் இந்தக் கரையில அத்தனை தறியும் ஓடுச்சு? அப்ப ஆறு குறுக்க நிக்கலையே." "எங்கயாவது கோட்டை நிறுத்தணும்ல?" அப்பா அந்த வெள்ளையில், தான் முப்பது வருடம் வேலை பார்த்த இடத்தில், விரலை வைக்கிறார். அங்கிருந்து நூல் வண்டி போன வழியே ஆற்றைத் தாண்டித் தறிக்கூடங்கள் வரை இழுக்கிறார். காயாத கோடு அறுந்து, மை இக்கரையில் தீற்றலாய்ப் படிகிறது. "ஐயையோ, சுரண்டும்மா, சுரண்டு!" என்கிறார் பேராசிரியர். நான் பிளேடை எடுத்து, சுரண்டாமல் மேசைமேலேயே வைக்கிறேன். அப்பா விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போகிறார்.