மிஸ்டர் நாலியா

காஜா பெராங் கல்லூரிக் கட்டடத்தில் மூன்று அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன். பொறுப்பு கருணாகரனுடையது. இன்று அதை அவன் யாரையும் தொடவிடவில்லை. மனைவி இரண்டு நாளாகப் பிரசவ வார்டில் துடிக்கிறாள். "நாங்களே கூப்பிடுவோம்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"கருணா அண்ணே, மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு எட்டே நாள். கொடித்துணிக்கு ஜாலான் பெண்டஹாரா ரோட்டுக் கடைக்கு ஒரே ஒரு போன்..." கீழ்மாடி உமர் கெஞ்சினான்.

"சைக்கிள்ல போய் வாங்கிக்க. லைன் சும்மா இருக்கணும்!"

மணி அடித்தது. பாய்ந்து எடுத்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரி.

"மிஸ்டர் நாலியா இருக்கிறாரா?"

"அப்படி யாரும் இல்லை." வைத்துவிட்டான்.

அரை மணியில் மறுபடியும் அதே குரல், அதே நாலியா. மூன்றாம் தடவை அவனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"நாலியாவும் இல்லை, கோலியாவும் இல்லை! இனிமேல் இங்கே அடிக்காதே!"

பகல் பன்னிரண்டாயிற்று. பொறுக்கமாட்டாமல் அவனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான்.

"என் மனைவி சிவகாமசுந்தரி..."

"அப்பாடா, கிடைத்தீர்களா!" அதே வெள்ளைக்காரி. "ஆபரேஷனுக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். காலையிலிருந்து கூப்பிடுகிறேன், எவனோ ஒரு முரடன் நீங்கள் இல்லையென்று கத்துகிறான்!"

வார்டுச் சீட்டில் 'சிவகாமசுந்தரி' பக்கத்திலிருந்த அவளுடைய அப்பா பெயரை, புருஷன் பெயரென்று அந்த நர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறாள். 'மாமா, மாமா' என்றே கூப்பிட்டுப் பழகியதில், வெள்ளைக்காரி வாயில் நாலியாவாகிவிட்ட நல்லையா என்ற மாமனார் பெயர் கருணாகரனுக்கும் பிடிபடவில்லை.

"ஹலோ, மிஸ்டர் நாலியா, இருக்கிறீர்களா?"

"இருக்கேன் மேடம்," என்றான் கருணாகரன். "நான்தான் நாலியா."