சொரண்ட விட மாட்டேன்!

ஆலங்குடி போற ரோட்டுல, மெஷின் பழைய தார சொரண்டிச் சொரண்டி டிப்பர்ல கொட்டிக்கிட்டிருந்துச்சு. திடீர்னு அந்த ஊரு ஆண்டியப்பன் ஓடியாந்து, மெஷினுக்கு முன்னாடி மல்லாக்கப் படுத்துட்டாரு!

"நிப்பாட்டுங்க! சொரண்டுன தார எங்கிட்டு கொண்டு போறீங்க?"

இன்ஜினியர் பிரகதீஸ்வரி ஓடி வந்தாங்க.

"தார் கலக்குற பிளாண்டுக்குங்க. சூடாக்கி, புதுத் தாரும் ஜல்லியும் கலந்து திரும்ப இங்கதான் போடுவோம்."

"கேட்டீங்களாப்பா! நேத்து வச்ச கொழம்ப சுட வச்சு நம்ம எலையில ஊத்துறாங்களாம்!"

கூட்டம் சேந்துருச்சு. ஒரே விசில்.

"பழைய ஜல்லி நல்லாத்தாங்க இருக்கு. சொரண்டிட்டுப் போட்டா ரோடும் ஒசராது. மேல மேல போட்டா வீடெல்லாம் பள்ளத்துக்குப் போயிரும்."

"அந்தப் பொண்ணு சொல்றது நெசம்தாண்ணே," எதுத்த வீட்டு சொர்ணவல்லி முந்தானைய சொருகிக்கிட்டு வந்துச்சு. "ஏற்கெனவே ரோட்டுலேருந்து என் வீட்டுக்கு மூணு படி எறங்கணும். போன ஐப்பசியில கட்டிலு வரைக்கும் தண்ணி. இன்னொருக்கா மேல போட்டா, நான் ஏணி வச்சுத்தான் அடுப்படிக்குப் போகணும்!"

"சும்மா இரு வல்லி! ஒன் கட்டிலா பெருசு? ஊரு மானம்தான் பெருசு! எங்களுக்குப் புத்தம் புது ரோடுதான் வேணும்!" ஆண்டியப்பன் படுத்துக்கிட்டே கத்துனாரு.

மறுபடி விசில். ஒருத்தர் கைதட்டவே ஆரம்பிச்சுட்டாரு.

பிரகதீஸ்வரிக்கு வேர்த்து ஊத்துது. ஆபீசுக்குப் போன் போட்டுப் பேசிட்டு வந்தாங்க.

"சரிங்க. சொரண்ட வேணாம்னு ஊரே எழுதிக் குடுத்தா, மேலயே போட்டுக்கலாம்னுட்டாங்க."

பத்தே நிமிஷம். பேப்பர் நெறையக் கையெழுத்து. சொர்ணவல்லி மட்டும் போடல. "மழைக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு"ன்னு தலையில கைய வச்சுக்கிட்டு வாசப்படியிலயே உக்காந்துருச்சு.

போராட்டம் ஜெயிச்ச சந்தோஷத்துல கூட்டம் டீக்கடைப் பக்கம் நகந்துச்சு. ஆண்டியப்பன் மட்டும் சட்டையத் தட்டிக்கிட்டு பிரகதீஸ்வரிகிட்ட வந்தாரு.

"மேடம், மேல போட்டா ரோடு எவ்வளவு ஒசரும்?"

"ஒரு நாலு இஞ்சுங்க."

"அவ்வளவுதானா? ஒரு ரெண்டடியா போடுங்களேன்!"

"ரெண்டடியா! எதுக்குங்க?"

ஆண்டியப்பன் அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துட்டு, கொரலத் தாழ்த்தினாரு.

"எப்படியும் ரோட்ட ஒசத்திக்கிட்டேதான் போவீங்கன்னு நம்பி, புது வீட்டுக்கு அஞ்சடி ஒசரத்துக்குப் பேஸ்மட்டம் போட்டுட்டேன் மேடம். காரு வாங்கி எட்டு மாசமாச்சு, இன்னும் வீட்டுக்குள்ள ஏத்த முடியல!"