வில்லைத் தொடாத செல்லோ

சியோல் நகரத்து மாடி ஸ்டுடியோவில் மதிய வெயில் கணினித் திரையின் தூசியைக் காட்டுகிறது. டைரக்டர் மா எந்த நிமிடமும் வரலாம்; படத்தில் தாய் இறக்கும் காட்சியின் இசை அவருக்குப் பிடிக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். கணினியே வாசிக்கும் செல்லோ, அந்தப் பெரிய வயலின், வில் இழுத்து நீண்டு அழவேண்டிய இடத்தில் "டொக், டொக்" என்று மட்டும் கேட்கிறது. "சனியன் பிடிச்ச சாப்ட்வேர்! மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் பண்ணிட்டேன்க்கா," என்று இசையை எழுதிய தூஜின் மேசையைக் குத்த, ஐஸ் காபி ததும்புகிறது. அவனுடைய கூட்டாளி ஹேரிம் ஒலியளவைப் பார்க்கிறாள், பிறகு திரையில் இருக்கும் ஸ்வரங்களைப் பார்க்கிறாள். உதடு கோணுகிறது. முதல் வரியில் தந்தியை விரலால் சுண்டச் சொல்லி எழுதியவன், திரும்ப வில்லை எடுக்கும்படி எங்குமே எழுதவில்லை. "வில்லை எடுன்னு சொல்லாம அது எப்படிடா எடுக்கும்?" "வாசிக்கிறவனுக்குத் தானாப் புரியும்க்கா." "இங்க எவன்டா வாசிக்கிறான்? மெஷினுக்குத்தான் மூளை இல்ல, உனக்குமா?" அவள் அந்தக் குறிப்பை எழுதத் தொடங்க, அவன் வீம்புக்கு இசையை மறுபடி ஓடவிடுகிறான். வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த டைரக்டர் மா அப்படியே நிற்கிறார், கண் கலங்கியிருக்கிறது. "இதுதான்யா! நின்னுபோற இதயம் மாதிரியே இருக்கு. எப்படித் தோணுச்சு?" தூஜின் பணிவாகக் குனிகிறான். "ரொம்ப நாள் யோசிச்சேன் சார்." ஹேரிம் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பாதி எழுதிய குறிப்பை ஒவ்வோர் எழுத்தாக அழிக்கிறாள்.