கழுத்தில் தொங்கும் மாத்திரை

வாருங்கள், இந்தத் தகரக் கூரையின் கீழ் நடக்கும் அநியாயத்தை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்! நடுப்பகல் வெயில் ஆணித் துளைகளின் வழியே இறங்கி, நான்கு நாள் காய்ச்சலில் துவண்டு கிடக்கும் சிறுமியின் மார்பில் பொட்டுப் பொட்டாய் விழுகிறது. அவள் கழுத்துக் கயிற்றில் மந்திரவாதி கட்டிய தாயத்து. அதே கயிற்றில், முந்தாநாள் போதகர் கொடுத்த மாத்திரை அட்டையும் பிரிக்கப்படாமல் தொங்குகிறது. "ஏம்மா, முழுங்கத்தானே குடுத்தேன்?" என்று தலையில் அடித்துக்கொள்கிறார் போதகர். "கண்ண மூடி ஜெபம் பண்ணிக் குடுத்தத யாராச்சும் முழுங்குவாங்களா ஐயா? முழுங்குன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?" என்று சீறுகிறாள் தாய். சிறுமிக்கு மூச்சு இரைக்கிறது. ஊழியம் செய்வோரே, ஜெபித்த கையோடு தண்ணீரையும் எடுங்கள். மாத்திரை தொண்டையில் இறங்கக் கண்ட பிறகே வாசலைத் தாண்டுங்கள்!